படத்தில் விழாத வால்

– வண்டியை நிறுத்துண்ணா. முதல்ல வண்டியை நிறுத்து, அப்புறம் என்னைத் திட்டு.

– வண்டி நின்னுக்கிட்டுதான் இருக்கு. ஓடிக்கிட்டிருக்கிறது நீதான். எதுக்கு இப்படி மூச்சு வாங்குது? பஸ்ஸைப் பின்னாலேருந்து தள்ளிக்கிட்டு வந்தியா?

– எத்தனை தட்டு ஏத்தியாச்சு?

– பாதிக்கு மேல ஏறியாச்சு. உன் அண்ணி வலைக்கூடத்துக்குள்ள நின்னு ஒவ்வொரு தட்டா பாத்துப் பாத்து அனுப்பறா. என்னைத் தொட விடல. போன தடவை நான் தூக்கின தட்டு கவுந்து, நாத்தெல்லாம் என் தலையில நட்ட மாதிரி ஆயிடுச்சு.

– ஏத்தறதை நிறுத்தச் சொல்லு.

– ஏன்? மிளகாய் நாத்துக்கு பாஸ்போர்ட் கேக்கறாங்களா?

– விளையாடாதண்ணா. என் முகத்தைப் பாரு.

– வாடிக் கிடக்கு. காலைல ஏதாவது சாப்பிட்டியா இல்லியா?

– அண்ணா!

– சரி, சரி. டெஸ்ட் ரூமுக்கு வா. டிரைவர் அண்ணே! ஒரு கால் மணி நேரம்! ஒண்ணும் இல்ல, என் தங்கச்சி வந்திருக்கா. ஆமா, டாக்டர்தான். ஐயோ, உங்க முட்டிவலிக்கு அவளால ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. முட்டியில இலை முளைச்சா சொல்லுங்க, கூப்பிடறேன்!

– சீக்கிரம் வா.

– காலை அந்த மருந்துத் தண்ணித் தொட்டியில நனைச்சுட்டு வாடி. நீ போட்ட சட்டம். நானே என் சொந்தப் பண்ணையில குளிக்காம நுழைய முடியல, நீ மட்டும் ராணி மாதிரி நுழையறே.

– கதவைச் சாத்து. அண்ணி வர்றதுக்குள்ள பேசணும்.

– அண்ணிக்குத் தெரியக்கூடாத விஷயமா? இப்ப எனக்கே லேசா பயம் வருது.

– வரட்டும். எனக்கு நேத்திலேருந்து இருக்கு. இந்த நாத்தெல்லாம் டெஸ்ட் பண்ணது யாரு?

– வேற யாரு? அவதான். வரிசைக்கு இருபது இலை பறிச்சு, நசுக்கி, அந்தச் சின்னக் குழாயில ஊத்தி, நீ செஞ்சு கொடுத்த டெஸ்ட் பட்டையை முக்கி. நான் ஒரு தடவை பட்டையைத் தலைகீழா முக்கினதோட எனக்கு வேலை போயிடுச்சு.

– எல்லாம் ஒரே கோடா?

– எல்லாமே ஒரே கோடு. நோட்டுல ஒட்டி வெச்சிருக்கா, பாரு. தேதி, வரிசை, கையெழுத்து, எல்லாம் இருக்கு. பள்ளிக்கூடத்துல இவ்வளவு ஒழுங்கா நான் ஒரு நோட்டு வெச்சிருந்தா இன்னிக்கு உன்னை மாதிரி கோட்டு போட்டுக்கிட்டு திரிஞ்சிருப்பேன்.

– அந்த ஒரு கோட்டை நம்ப முடியாதுண்ணா.

– என்ன சொல்றே? ஒரு கோடுன்னா செடி சுத்தம், ரெண்டு கோடுன்னா வைரஸ். நீ எழுதி ஒட்டின பேப்பர் அதோ, இன்னும் சுவத்துலயே இருக்கு. கீழ உன் கையெழுத்து வேற.

– தெரியும். அதைப் பாக்கத்தான் கஷ்டமா இருக்கு. வைரஸ் இருந்தாலும் ஒரே கோடு வரும். சில நேரம். அந்தப் பட்டை பொய் சொல்லும். அதைச் செஞ்சது நான்.

– கொஞ்சம் உக்காரு. நானும் உக்காந்துக்கறேன். இப்ப, தலைவலிக்கு மாத்திரை எழுதத் தெரியாத டாக்டரே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

– வைரஸ்னா என்னன்னு நினைக்கறே?

– கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி. வந்தா போகாது.

– உள்ள ஒரு நூல். செடியைக் கெடுக்கறது எப்படின்னு அதுலதான் முழுக்க எழுதியிருக்கு. அந்த நூலைச் சுத்தி ஒரு சட்டை. ஒரே மாதிரி புரோட்டீன் ரெண்டாயிரம், ஒண்ணு மேல ஒண்ணு ஓடு வேய்ஞ்ச மாதிரி கோத்திருக்கும்.

– சட்டை போட்ட நூல். சரி.

– அந்தப் புரோட்டீன் ஒவ்வொண்ணும் நடுவுல கெட்டியா மடிஞ்சிருக்கும். எத்தனை தடவை பாத்தாலும் அதே மடிப்பு. ஆனா ஒரு நுனியில ஒரு வால் வெளிய தொங்கும். அதுக்கு மடிப்பே கிடையாது.

– கலைஞ்சுருச்சா?

– கலையல. முதல்லேருந்தே இல்ல. ஒரு நொடி இப்படி நெளியும், அடுத்த நொடி அப்படி. உருவம்னு ஒண்ணு கிடையாது, அதனால படத்துல விழாது. எங்க கம்ப்யூட்டர்ல திறந்தா கெட்டியான பாகம் மட்டும் அழகா சுத்திக்கிட்டு இருக்கும். வால் இருக்க வேண்டிய இடம் காலி.

– உன் கல்யாண போட்டோல நான் இருக்கிற மாதிரி. எல்லாரும் பளிச்சுன்னு நிப்பீங்க, என் இடத்துல மட்டும் ஒரு மங்கல்.

– சாப்பாடு எந்தப் பக்கம்னு திரும்பிப் பாத்தே.

– பசிச்சுது. மேல சொல்லு.

– ரொம்ப நாளா எங்க ஆளுங்க அந்த வாலை ஒரு பொருட்டாவே நினைக்கல. படம் எடுக்கத் தொல்லைன்னு அதை வெட்டிட்டுத்தான் படமே எடுப்பாங்க. ஆனா பாதி வேலையைச் செய்யறது அதுதான். உருவம் இருக்கிறது தனக்குப் பொருந்தற இடத்துல மட்டும்தான் ஒட்டும். இதுக்கு உருவமே இல்லாததால, யாரைப் பிடிக்கணுமோ அவங்களுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சுக்கும். அசுவினி வந்து இலையை உறிஞ்சுது பாரு, அந்தப் பூச்சி வாயில வைரஸ் தொத்திக்கிட்டுப் போறதே இந்த வால் இருக்கறதாலதான்.

– ஒழுங்கா இருக்கிறவன் ஒரே இடத்துல இருப்பான், ஒழுங்கில்லாதவன் ஊர் பூரா சுத்துவான். இது எனக்கு முன்னாடியே தெரியும், நம்ம சித்தப்பாவைப் பாத்தவன்தானே நான். இதுக்கும் உன் பட்டைக்கும் என்ன?

– பட்டை பிடிக்கிறது அந்த வாலைத்தான். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, பிடிக்கிறது சுலபம். இந்த வைரஸுக்கு நிறைய சொந்தக்காரங்க இருக்காங்க. உடம்பு எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு, வால்தான் ஆளுக்கு ஆள் மாறும். வாலைப் பிடிச்சா இன்ன வைரஸ்னு அடிச்சுச் சொல்லலாம். அதுக்குத்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டு கேடயம் கொடுத்தாங்க.

– தெரியும். அம்மா அதை டிவி மேல வெச்சிருக்காங்க. சத்தம் கூட்டினா ஆடுது.

– அந்த வாலை வெட்டிருதுண்ணா.

– யாரு?

– இலைதான். உயிரோட இருக்கிற இலையில எல்லாம் அது அது இடத்துல இருக்கும். நசுக்கினா உள்ளே இருக்கிற என்சைம் எல்லாம் கலந்துரும். என்சைம்னா கத்தரிக்கோல்னு வெச்சுக்கோ. கெட்டியா மடிஞ்ச இடத்துல அதால வாய் வைக்க முடியாது. இளகித் தொங்கற வாலைத்தான் நறுக்கும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அப்புறம் குழாயில வைரஸ் இருக்கு, ஆனா வால் இல்ல. பட்டையை முக்கினா பிடிக்க ஒண்ணும் இருக்காது. ஒரே கோடு.

– செடியில?

– செடியில வாலோட சௌக்கியமா இருக்கு.

– இரு. எனக்கு ஜோக் வரல. வரும், ஒரு நிமிஷம் கொடு. இதை எப்ப கண்டுபிடிச்சே?

– நேத்து. காலைல ஒரு இலையை நசுக்கி முக்கினேன், ரெண்டு கோடு. குழாயை மேசை மேல வெச்சேன், ஃபோன் வந்துச்சு. அம்மா.

– ஓ.

– ஒண்ணே முக்கால் மணி நேரம். பக்கத்து வீட்டு மருமகள், அம்மாவோட பல்லு, நீ அவங்களைப் பாக்க வராதது, எல்லாம் பேசி முடிச்சுத் திரும்பி வந்தேன். சும்மா இன்னொரு பட்டையை அதே குழாயில முக்கினேன். ஒரு கோடுதான் வந்துச்சு. பட்டை கெட்டுப்போச்சோன்னு இன்னொண்ணு. அதுவும் ஒண்ணு. அப்பதான் நிமிர்ந்து பாத்தேன். என் மேசைக்கு மேல அந்தப் புரோட்டீனோட கோட்டுப்படம் ஒட்டியிருக்கேன். எந்த இடத்துல உருவம் இல்லியோ அந்த இடத்துல கோடு மேல போகும். வால் இருக்கிற இடத்துல கோடு கூரையைத் தொடுது. ரெண்டு வருஷமா அழகுக்கு ஒட்டி வெச்சிருக்கேண்ணா. பிடிமானம் இல்லாத இடம், சீக்கிரம் அறுபடும்னு அது கத்திக்கிட்டே இருந்திருக்கு. நான் அது கீழ உக்காந்து டீ குடிச்சிருக்கேன்.

– உன் அண்ணி எப்ப முக்கறா தெரியுமா?

– தெரியும். அதான் ஓடி வந்தேன்.

– காலைல நசுக்கி வெச்சுருவா. அப்புறம் தண்ணி விடறது, களை எடுக்கறது, பிள்ளைங்களைக் கொண்டு விட்டுட்டு வர்றது. மதியம் சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து எல்லாத்தையும் ஒரே மூச்சா முக்குவா.

– என்கிட்ட கேட்டாங்க. இந்த சீசன் ஆரம்பத்துல ஃபோன்ல கேட்டாங்க: 'காலைல நசுக்கினதை மதியம் முக்கினா பரவாயில்லையா?' நான் ஏதோ மென்னுக்கிட்டே 'தாராளமா அண்ணி'ன்னேன். அந்த வாய்ல மண்ணை அள்ளிப் போடணும்.

– மண்ணுக்கு இங்க பஞ்சமில்ல. ஆனா தட்டுல இருக்கிறது மண் இல்ல, தேங்காய் நாருதான். அதைத் தின்னா விக்கும்.

– வந்துருச்சா ஜோக்?

– வந்துருச்சு. நல்லா இல்ல. இரு, நாம எதுக்கு இப்பவே அழணும்? பட்டை பொய் சொல்லும்னுதானே சொன்னே, நாத்துல வைரஸ் இருக்குன்னு சொல்லலியே. செடியைப் பாத்தியா? இலை எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி மினுக்குது.

– தேமல் இலையில தெரிய நாள் ஆகும். வலை எங்கயாவது கிழிஞ்சுதா?

– அஞ்சாவது வரிசை மூலையில. காத்துல. அன்னிக்கே தைச்சுட்டோம்.

– மஞ்சள் அட்டையில பூச்சி ஒட்டியிருந்துச்சா?

– ரெண்டு மூணு. அசுவினிதான்னு உன் அண்ணி சொன்னா. எனக்கு எல்லாம் புள்ளியாத்தான் தெரிஞ்சுது.

– அஞ்சாவது வரிசையிலேருந்து ஒரு இலை கொண்டு வா. அண்ணி கேட்டா எனக்கு ஏதோ ஆராய்ச்சின்னு சொல்லு.

– பொய் சொன்னா அவ என் காதைப் பாத்தே கண்டுபிடிச்சுருவா. சிவந்துரும்.

– தொப்பி போட்டுக்கிட்டுப் போ.

– ... இந்தா. அவ அந்தக் கடைசியில குனிஞ்சு நின்னா, பாக்கல. வாழ்க்கையில முதல் தடவையா என் சொந்த நாத்துல திருடியிருக்கேன்.

– குழாயைப் பிடி. நான் நசுக்கறேன். ம். பட்டையைக் கொடு. அம்புக்குறி கீழ.

– அந்த அம்புக்குறியைத்தான் அன்னிக்கு நான் மேல பாத்து வெச்சேன்.

– பேசாதே. இப்ப முக்கறேன்.

– எவ்வளவு நேரம்?

– அஞ்சு நிமிஷம்.

– ஆஸ்பத்திரியில என் நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங் வெச்சப்பகூட டாக்டர் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னார். மூணு மணி நேரம் ஆச்சு.

– அதை எதுக்கு இப்ப ஞாபகப்படுத்தறே?

– வேற எதை ஞாபகப்படுத்தறது? மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாசம், இதே வைரஸ். ஒரு தட்டு விடாம பிடுங்கி, அந்த மூலையில குவிச்சு, நானே கொளுத்தினேன். பச்சைச் செடி சுலபமா எரியாதுடி. ஈரத்தோட முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன், அப்புறம் முகம் தரையில இருந்துச்சு. புகைதான் காரணம்னு நான் இன்னிக்கும் சொல்றேன். உன் அண்ணி நம்ப மாட்டேங்கறா. இன்னொரு தடவை நீங்க அந்த மூலைக்குப் போகக் கூடாதுன்னு அங்க ரோஜா நட்டு வெச்சிருக்கா.

– முதல் கோடு வந்துருச்சு.

– ஐயையோ.

– அது எப்பவும் வரும்ணா. பட்டை வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

– ரெண்டாவது?

– பொறு.

– எனக்கு ஒண்ணுதான் தெரியுது. ஒண்ணேதான். பாத்தியா, நீ வீணா ஓடி வந்தே. பஸ் காசு நான் தர்றேன்.

– கண்ணாடியைத் துடை.

– துடைச்சுட்டேன்.

– இப்ப?

– துடைக்காமலே இருந்திருக்கலாம்.

– ரெண்டு கோடுண்ணா.

– லேசாத்தானே இருக்கு? நிழலா இருக்கும். ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கறே நீ.

– நிழல் இளஞ்சிவப்பா இருக்காது. பாரு, கெட்டியாகிட்டே வருது.

– சரி. அஞ்சாவது வரிசை மட்டும்தான். அதை எடுத்து வெச்சுருவோம், மத்ததை அனுப்புவோம்.

– நேத்தைக்கு முந்தின நாள் எந்த வரிசைக்கு அசுவினி பறந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?

– தெரியாது. அது என்கிட்ட சொல்லிட்டுப் போகல. ஏய், ஒண்ணு கேக்கறேன், திட்டாதே. இதே குழாயை அப்படியே வெச்சுட்டு மதியம் முக்கினா ஒரே கோடுதானே?

– ஆமா.

– நோட்டுல ஒட்டினா ஒழுங்கா இருக்கும். கையெழுத்தோட. நீ இன்னிக்கு வரவே இல்ல. பஸ் கிடைக்கல.

– அண்ணா.

– சும்மா கேட்டேன்.

– சும்மா கேட்ட மாதிரி இல்ல.

– இல்லதான். ஒரு நிமிஷம் நிஜமாத்தான் கேட்டேன். என் மணிக்கட்டைக் கொஞ்சம் பிடி. நாடி எப்படி இருக்கு?

– வேகமா இருக்கு. மாத்திரை எங்க?

– பையில. வேண்டாம், வலி இல்ல. பயம்தான். பயத்துக்கு மாத்திரை இருந்தா நான் தினம் மூணு வேளை சாப்பிடுவேன். ஹாரன் அடிக்கறான் பாரு. டிரைவர் அண்ணே! இருங்கண்ணே! இல்ல, கிளம்பலை! தட்டெல்லாம் இறக்கணும்! ஆமா, இறக்கணும்னுதான் சொன்னேன், ஏத்தணும்னு சொல்லல! எனக்கும் காது கேக்குது, எனக்கும் அதிர்ச்சியாத்தான் இருக்கு!

– அண்ணா... நீ ரொம்ப நல்லவன்.

– நல்லவன் இல்லடி. மறுபடி கொளுத்தினா நெஞ்சு ஒரு தடவைதான் வெடிக்கும். அனுப்பிட்டா தினம் ராத்திரி வெடிக்கும். கணக்குப் பாத்தேன், அவ்வளவுதான்.

– இன்னும் ஒண்ணு இருக்கு.

– இதுக்கு மேலயா?

– முதல் வண்டி எப்ப போச்சு?

– ஒன்பது நாள் ஆச்சு. மூணு நிலத்துக்கு. ஒண்ணு அந்த ரிட்டயர் ஆன வாத்தியார். வாழ்க்கையில முதல் தடவையா விவசாயம் பண்றார். தினம் காலைல ஃபோன் பண்ணி, 'பசங்க எல்லாம் நிமிர்ந்து நிக்கறாங்க'ன்னு சொல்றார். நாத்தைத்தான் சொல்றார். ரெண்டாவது, அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேர், புருஷங்க ரெண்டு பேரும் வெளியூர்ல, இவங்களே உழுது இவங்களே நட்டாங்க.

– மூணாவது?

– மூணாவதைச் சொல்ல வாய் வரல.

– சொல்லு.

– உன் அண்ணியோட தம்பி. என் மச்சான். அவன் வேண்டாம்னான்டி. நான்தான் விடல. 'என் பண்ணை இருக்கும்போது நீ வெளிய வாங்கறதா? என் நாத்தை நட்டுப் பாரு, உன் நிலத்தை ஊரே வேடிக்கை பாக்கும்'னு தோள்ல கை போட்டுச் சொன்னேன். வேடிக்கை பாக்கத்தான் போறாங்க.

– அஞ்சாவது வரிசைத் தட்டு அதுல போச்சா?

– முதல் வண்டி முழுக்க நாலும் அஞ்சும்தான்.

– அப்ப இன்னிக்கே சொல்லணும். இப்பவே பிடுங்கினா பக்கத்து நிலத்துக்காவது பரவாது. இன்னும் ரெண்டு மூணு நாள்ல இலையில தேமல் தெரிய ஆரம்பிச்சுரும், அதுக்குள்ள அசுவினி ஒரு சுத்து சுத்திட்டு வந்துரும்.

– வாத்தியாருக்கு நான் சொல்லிருவேன். அந்த ரெண்டு பேர் கால்ல வேணா விழுவேன். மச்சானுக்கு ஃபோன்ல சொல்லலாம், எதிர்ல இல்ல. ஆனா அவன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி இவகிட்ட சொல்லணுமே. உன் அண்ணிகிட்ட. அவ தூக்கி வளர்த்த தம்பி. அவனுக்கு முள்ளு குத்தினா இவ நொண்டுவா.

– நீ சொல்லு.

– நீ சொல்லு. நீதான் படிச்சவ.

– நீதான் புருஷன்.

– அது ஒரு தகுதியா? பதினெட்டு வருஷமா பாக்கறா, அவளுக்கே சந்தேகம். நீ வாலைப் பத்தி சொல்ல ஆரம்பி. நான் நடுவுல வந்து அழறேன்.

– அண்ணா, வர்றாங்க. தொட்டியில கால் நனைக்கற சத்தம்.

– பட்டையை மறை. இல்ல, மறைக்காதே. ஐயோ, எங்கயாவது வை.

– என்ன, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு? வண்டிக்காரர் ஹாரனை அழுத்திக் கொல்றார், தட்டை இறக்கச் சொன்னீங்களாமே? என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? மாத்திரை போட்டீங்களா?

– போட்டேன்மா. காலைல.

– நாக்குக்கு அடியில வெக்கறது பையில இருக்கா? காட்டுங்க.

– இருக்கு. இதோ. நீ கொஞ்சம் உக்காரேன்.

– நான் எதுக்கு உக்காரணும்? நீங்க உக்காருங்க. கண்ணு, நீ எப்ப வந்தே? தண்ணி குடிச்சியா? இவருக்கும் ஒரு டம்ளர் கொடு.

– அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

– சொல்லு. மேசை மேல என்ன, பட்டையா? யார் நசுக்கினது?

– நான்தான் அண்ணி.

– எப்ப?

– இப்பதான். கால் மணி நேரம்கூட ஆகல.

– ம்.

– அது ரெண்டு கோடு அண்ணி. அஞ்சாவது வரிசை. முதல்லயே சொல்லிடறேன், இது உங்க தப்பு இல்ல. நீங்க மதியம் வரைக்கும் வெச்சு முக்கினது என்னாலதான். நான்தான் தாராளமான்னு சொன்னேன். சாறு வெளிய இருந்தா வைரஸோட வால் அறுந்து போயிடும், அப்புறம் பட்டைக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு இது நேத்துதான் தெரிஞ்சுது. என்னை என்ன வேணா சொல்லுங்க.

– உன்னை நான் என்ன சொல்லப் போறேன்? நீ ஏன் அழறே? மூக்கைத் துடை. என்னங்க, நீங்க மூச்சை இழுத்து விடுங்க. மெதுவா. வலிக்குதா? இடது கை மரத்துப் போகுதா?

– இல்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ என்னையே பாத்துக்கிட்டு இருக்காதே, நான் சொல்றதைக் கேளு. இந்த லோடு போகல. எல்லாத்தையும் இறக்கிட்டு, பிடுங்கிட்டு... அதை அப்புறம் பாத்துக்கலாம்.

– கொளுத்தவா?

– ஆமா.

– நீங்க கொளுத்த வேண்டாம். ஆள் வெச்சுக்கலாம். நீங்க அந்தப் பக்கம் வரவே கூடாது. சத்தியம் பண்ணுங்க.

– சரி, வரல. சத்தியம். நீ ரோஜாவை மட்டும் வேற பக்கம் மாத்தி நடு. இப்ப இதைக் கேளு. முதல் வண்டியிலயும் அதே நாத்துதான் போச்சு.

– ம்.

– வாத்தியாருக்குப் போச்சு. அந்த அக்கா தங்கச்சிக்குப் போச்சு. அப்புறம்... ஏய் தங்கச்சி, நீ சொல்லேன்டி.

– அண்ணி, கையைக் கொடுங்க.

– கை ஈரமா இருக்கு. என்ன, சொல்லு.

– நீ சொல்லாதே, நானே சொல்றேன். உன் தம்பிக்கும் அதேதான் போச்சும்மா. நான்தான் கட்டாயப்படுத்தினேன். அவன் நிலம் முழுக்க. நீ திட்டு, அழு, அந்த ஸ்டூலை எடுத்து என் தலையில போடு, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் மட்டும் விட்டுடு. நான் அவன் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?

– அவன்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்ங்க. முதல் வண்டி கிளம்பறதுக்கு முந்தின நாள், நசுக்கின உடனே முக்கி ரெண்டு கோடு பாத்ததுமே, நான் அவனை வேற பண்ணையில வாங்கிக்கச் சொல்லிட்டேன்; அவன் பங்குத் தட்டையும் சேர்த்து வாத்தியாருக்குத்தான் ஏத்திவிட்டேன்.